டிசம்பர் வரை பாவம் செய்யாதவள்

போன மாதம் எங்கள் சபையில் இளம் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பாவத்தை எதிர்த்து நிற்பது எப்படி என்பது தலைப்பு. ஆளுக்கு நாலு பக்கம், கம்ப்யூட்டரில் அடித்த தாள், முப்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் டிக் அடிக்கச் சின்னதாய் ஒரு கட்டம். கடைசியில் கூட்டிப் பார்த்தால் நம் ஆத்துமா எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். “ஆன்ட்டி, உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது இல்ல?” என்று ஒரு பெண் இரக்கப்பட்டுக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்ததடி தாயே! நாங்கள் பத்துக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு மைக்கைப் பிடித்து நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மலாக்காவில் எங்கள் தமிழ்ச் சபைக்கு நான் இருபத்தாறு வருஷம் பெண் ஊழியக்காரியாக இருந்தேன். ‘பைபிள் அம்மா’ என்பார்கள். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, நோயாளிகளைப் பார்ப்பது, பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது, இதுதான் வேலை. கல்யாணமான ஒன்பதாம் மாதம் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சிங்கப்பூரில் இரண்டு வருஷம் பயிற்சி. அங்கே என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால், வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு மடிப்புக் கலையாமல் சைக்கிளில் போவது எப்படி என்று நன்றாகவே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் போதகர் மாசிலாமணியிடம்தான்.

போதகர் ஐயாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒல்லியான மனுஷர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யார் வந்து எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு “ஆகட்டும்” என்பார். குழந்தை பிறந்திருக்கிறது என்றாலும் ஆகட்டும், ஆள் செத்துப்போச்சு என்றாலும் ஆகட்டும். அவர் மேஜையில் இரண்டு முனையுள்ள பென்சில் ஒன்று இருக்கும், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. அந்தப் பென்சில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் சபையே மூச்சு விடும்.

அவர் கொண்டுவந்ததுதான் ஆத்தும சோதனை அட்டை. சைக்ளோஸ்டைல் எடுத்த மஞ்சள் அட்டை, பத்துக் கேள்வி, பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கிற ஆராதனை. அதற்கு முந்தின வாரம் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேள்வியை வாசிக்க வேண்டும், பதிலை எழுத வேண்டும். கள் குடித்ததுண்டா, சூதாடியதுண்டா, ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்த்ததுண்டா, இப்படிப் போகும். ஏழாவது கேள்வி, அந்நிய தெய்வத்துக்குப் படைத்ததை உண்டதுண்டா. ஒன்பதாவது, யார்மேலாவது கசப்பு உண்டா. பதில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’, இரண்டே வார்த்தை. அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதக் கூடாது.

“காரணம் கேக்காதீங்க எஸ்தர். காரணம் கேட்டா பாவம் காணாமப் போயிடும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கேட்காவிட்டால் பத்து நிமிஷம். நான் கேள்வி கேட்கிற வேகத்தில் எதிரில் இருக்கிறவர்களுக்கு யோசிக்கவே நேரம் இருக்காது. ஊழியர்களுக்கும் தனி அட்டை உண்டு, அதே பத்துக் கேள்வி. அதை நாங்களே நிரப்பி, வருஷக் கடைசியில் ஐயாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான் சொல்லப்போவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழாம் வருஷம். ஊரெல்லாம் ஒரே பரபரப்பு. தோரணம் கட்டுவதும் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் கூடுவதும் ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் கொடித் துணி வாங்க அடிதடியுமாக இருந்தது. நாடே விடுதலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது நான் காஜா பெராங் பகுதியில் வீடு வீடாக ஏறி, கள் குடித்ததுண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காஜா பெராங்கில் அப்போது எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் ஏழோ எட்டோ. அவர்களுக்கு நடுவில் மலாக்காச் செட்டிகள், பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த ஊரோடு கலந்துபோனவர்கள். தமிழர் வழிவந்த இந்துக்கள்தான், ஆனால் பேச்சு மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. தமிழில் சாமி பெயரையும் சொந்தக்காரர் முறையையும் தவிர அதிகம் வராது. அவர்கள் வருஷத்தில் இரண்டு தரம் செத்துப்போன மூதாதையருக்குப் படைப்பார்கள், பார்ச்சு என்பார்கள். போகியன்று சோறும் கறியும். பழக் காலத்தில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான். படைத்து முடித்தபின் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புவார்கள். எங்களுக்கு வம்பே அங்கேதான். போகிச் சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். டுரியானை வேண்டாம் என்று சொல்ல மனுஷப் பிறவியால் ஆகுமா?

ஞானப்பூவின் வீடு அந்தச் செட்டி வீடுகளை ஒட்டினாற்போல் இருந்தது. புருஷன் சாமுவேல் அரசாங்க லாரி ஓட்டுகிறவர், சாது. மகள் மேரிக்கு அந்த வருஷம் சிரம்பானிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தான், பள்ளிக்கூட வாத்தியார். செப்டம்பரில் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை ஆகஸ்டு முதல் ஞாயிறு, அதாவது திருவிருந்து அன்றைக்கே.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாப்பிள்ளை முதலில் பார்க்க வந்தது என் அக்கா மகள் லில்லியை. வந்தார்கள், காப்பி குடித்தார்கள், கேக் நன்றாக இருந்தது என்றார்கள், போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து மேரிக்கு நிச்சயமாகிவிட்டது. “தேவசித்தம்” என்று நான்தான் எல்லாருக்கும் முதலில் சொன்னேன். சொன்ன வேகத்தில் கொஞ்சம் பல்லும் கடிபட்டது.

ஜூலைக் கடைசியில், பார்ச்சு முடிந்த மூன்றாம் நாள், அட்டையைத் தூக்கிக்கொண்டு ஞானப்பூ வீட்டு வாசலில் போய்ச் சைக்கிளை நிறுத்தினேன். கதவு சாத்தித்தான் இருந்தது. அது திறப்பதற்கு முன்னே வாசனை வந்துவிட்டது. டுரியானை ஒளித்துவைக்க யாரால் முடியும்! வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சி நன்றாக மோந்து பார்த்தேன். அப்போது என் மனசில் வந்தது வருத்தம் இல்லை. ஐயோ, இந்தக் குடும்பம் இப்படித் தவறிவிட்டதே என்ற துக்கம் கொஞ்சமும் இல்லை. சந்தோஷம், ஐயா, சந்தோஷம்! மாட்டினாயா என்று உள்ளே ஒரு குரல் கைதட்டியது.

ஞானப்பூ கதவைத் திறந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்தான், ஆனாலும் ஊழியக்காரி என்பதால் அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“வாங்க அக்கா. உக்காருங்க.”

“உக்காரலை. டுரியான் வாசனை வருதே, பசார்ல வாங்கினதா?”

“இல்லக்கா. பக்கத்து வீட்டு மக் நாகம்மா குடுத்தாங்க. ஆனா அக்கா, அது வந்து...”

“ஆனா கீனா எல்லாம் வேணாம் ஞானப்பூ. அந்தம்மா வீட்டுல பார்ச்சு நடந்துச்சா இல்லையா?”

“நடந்துச்சு. ஆனா...”

“உண்டா, இல்லையா?”

அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் பென்சிலால் அட்டையைத் தட்டினேன். பழம் சாப்பிட்டோம் என்றாள். ஏழாவது கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதினேன். எட்டாவது கேள்விக்கு இல்லை என்றாள். ஒன்பதாவது, யார்மேலாவது கசப்பு உண்டா என்று வாசித்தேன்.

“உண்டு” என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டேன். பார், படையலும் தின்றிருக்கிறாள், கசப்பும் வைத்திருக்கிறாள், இந்த வீட்டுக்கா சிரம்பான் வாத்தியார் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். அடுத்த வீட்டில் என்ன கேட்டேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

புதன்கிழமை அட்டைகளை ஐயாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார், நீலம், நீலம், நீலம். ஞானப்பூவின் அட்டை வந்ததும் பென்சில் திரும்பியது. ஏழாவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “ஆகட்டும்” என்றார். மூன்று மாதம் திருவிருந்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பெயர் வாசிக்கப்படும். தாய் ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கும்போது மகளுக்கு ஓலை வாசிக்க முடியாது. இதைச் சம்பந்தப்பட்ட வீட்டில் போய்ச் சொல்வதும் ஊழியக்காரியின் கடமை.

வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்து இரண்டுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஓலை நின்னா சிரம்பான்காரங்க என்னான்னு கேப்பாங்க. விக்கிரகத்துக்குப் படைச்சதைத் தின்ன வீடுன்னு தெரிஞ்சா அந்த மாமியார் விடமாட்டாங்க. மேரி கல்யாணம் நின்னு போயிடும்.” பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, “நான் சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க. மக்கையே போய்க் கேளுங்க” என்றாள்.

கேட்கிறேன், எனக்கென்ன பயம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், சாட்சியைக் கெட்டிப்படுத்திக்கொள்ளத்தான் போனேன்.

மக் நாகம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். மக் என்றால் மலாயில் அம்மா. தலையில் கொண்டையும் இடுப்பில் கூடையுமாகக் காஜா பெராங் முழுக்க நடந்து பலகாரம் விற்கிறவர், நான் அவருடைய வாடிக்கைக்காரி. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். நான் எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், ஞானப்பூவுக்குப் படையல் பழம் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

அந்தம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டார். படையல் பழத்தையா? அவளுக்கா? அவள் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷமே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாளே! மக், உங்கள் சாமிக்கு வைத்ததை நான் சாப்பிடக் கூடாது, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் உங்கள் வீட்டுப் பழம் எனக்கு வேண்டும் என்றாளே! அதிலிருந்து வருஷா வருஷம், படையலுக்கு வாழையிலை போடுவதற்கு முன்பே, ஞானப்பூவுக்கென்று நல்ல பழமாகப் பார்த்து எடுத்துத் தனியே அடுப்பங்கரையில் வைத்துவிடுவேன். என் மருமகள் தெரியாமல்கூட அதைத் தொட்டதில்லை. இப்படி மலாயில் பொரிந்து தள்ளினார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சரி மக், தப்பாக நினைத்துவிட்டேன் என்று எழுந்தேன். அந்தம்மா விடவில்லை. முகம் மாறிப்போய், “அப்போ நீயும் சாப்பிடக் கூடாதா?” என்று கேட்டார்.

“ஏன் மக்?”

“உனக்குப் புளூட் டுரியான் குடுப்பேனே.”

புளூட் டுரியான் என்பது பசையரிசிச் சோற்றில் தேங்காய்ப்பாலும் டுரியானும் சேர்த்துச் செய்வது. வருஷம் முழுக்கப் பலகாரத்துக்குக் காசு வாங்குகிற மக் நாகம்மா, பழக் காலத்தில் ஒரு வாரம் மட்டும் எனக்கு ஒரு கிண்ணம் நிறையச் சும்மா கொடுப்பார். ஆறு வருஷமாகக் கொடுத்தார். ஆறு வருஷமாக வழித்து நக்கியிருக்கிறேன். அந்த வாரம் மட்டும் ஏன் காசு வாங்குவதில்லை என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் கேட்டதில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் கேள்வி கேட்கிற எனக்கு அங்கே மட்டும் வாய் வரவில்லை.

“படையல்ல மிஞ்சின பழத்துலதான் செய்வேன். அதை விக்கக் கூடாது, குடுக்கத்தான் வேணும். நீ ஒண்ணும் சொல்லலையே, அதனால உனக்கு ஆகும்னு நெனச்சேன்” என்றார் அந்தம்மா. மன்னிப்பு வேறு கேட்டார். நான் எந்த முகத்தோடு அந்தப் படியிறங்கினேனோ!

சனிக்கிழமை காலை ஐயா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். ஞானப்பூவின் விஷயத்தைச் சொன்னால் போதும், மேரியின் ஓலை தப்பிவிடும். புளூட் கதையை யார் கேட்டார்கள்? அது மக்குக்கும் எனக்கும் இடையில் உள்ளது. தெரியாமல் தின்றது பாவமாகுமா என்று வேதசாஸ்திரம் வேறு பேசிக்கொண்டேன். பயிற்சிக் காலத்தில் புரியாத பாடமெல்லாம் அன்றைக்குப் பளிச்சென்று புரிந்தது.

ஞானப்பூவின் பழம் முன்னாலேயே எடுத்துவைத்த பழம் என்று சொன்னேன். ஐயா முழுக்கக் கேட்டார். “ஆகட்டும்.” இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்துச் சிவப்பு வட்டத்தை நிதானமாக அழித்தார், துகளை ஊதினார். நான் எழுந்தேன்.

“உங்க அட்டை கையில இருக்கா எஸ்தர்?”

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கை நீட்டின பிறகுதான் உறைத்தது. ஐயா அட்டையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இன்னைக்குத் தேதி ஆகஸ்டு மூணு” என்றார். “நீங்க டிசம்பர் வரைக்கும் இல்லை, இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க. கிறிஸ்துமஸ் மாசம் உங்களுக்குக் கசப்பு இருக்காதுன்னு இப்பவே தெரிஞ்சிருக்கு. நல்ல விஷயம்தான்.”

அந்த மனுஷர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஜனவரி முதல் தேதி ஒரே மூச்சில் உட்கார்ந்து நூற்றிருபது கட்டத்தையும் நிரப்பி வைத்தவள் நான், வேலை மிச்சமாகும் என்று. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன், அழுதேன், புளூட் கதையைச் சொன்னேன்.

“எத்தனை வருஷமா?”

“ஆறு வருஷமா ஐயா.”

“ருசியா இருந்துச்சா?”

“இருந்துச்சு ஐயா.”

“ஆகட்டும்” என்றார். பென்சில் சிவப்புப் பக்கம் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஐயா முதலில் மேரியின் ஓலையை வாசித்தார். அடுத்து, சபையின் பெண் ஊழியக்காரி எஸ்தருக்கு மூன்று மாதம் திருவிருந்து இல்லை என்று வாசித்தார். சபை மக்கள் அவ்வளவு பக்தியோடு ஓர் அறிவிப்பைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கோயில் முடிந்து வெளியே வந்தால் எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சல். சினிமாவுக்குப் போய் என்னிடம் மாட்டினவர்கள்கூட வந்து ஆறுதல் சொன்னார்கள். “பரவாயில்லக்கா, மனுஷங்கதானே” என்று ஒரு சூதாடி என் கையைக் குலுக்கினான்.

ஆனால் வேலையை ஐயா நிறுத்தவில்லை. திருவிருந்து கிடையாது, வீடு சந்திப்பு உண்டு. திருவிருந்து இல்லாமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்கிறவள் கையில் அட்டையோடு வருகிறாள் என்றதும் ஜனங்கள் என்னை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, கேட்காததையெல்லாம் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் முடிகிற வீடு ஒன்றரை மணி நேரம் ஆனது. புருஷன் அடிக்கிறதை ஒருத்தி சொன்னாள், ஜெபமே வரவில்லை என்று ஒரு மூப்பர் சொன்னார். அந்த மூன்று மாதத்தில்தான் நான் ஊழியக்காரி ஆனேன் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதிகம் பொய் இல்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்றில் சுதந்திரக் கொடி ஏறின மறுவாரம் மேரியின் கல்யாணம் நடந்தது. நான் பின்கட்டில் வெங்காயம் உரித்தேன். மக் நாகம்மா கெபாயாவில் ஊசி குத்தி, நகையெல்லாம் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லில்லிக்கு அடுத்த வருஷம் கிள்ளானில் நல்ல இடம் அமைந்தது, அது வேறு.

என் தண்டனையின் கடைசி ஞாயிறு அக்டோபரில் வந்தது. எல்லாரும் திருவிருந்துக்கு முன்னே போனார்கள். நான் கடைசிப் பெஞ்சில் தனியே இருந்தேன். ஞானப்பூ அப்பமும் ரசமும் எடுத்துவிட்டு, தன் இடத்துக்குப் போகாமல் நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தின இரண்டு மாதமும் அப்படித்தான் செய்திருந்தாள், நான்தான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தாங்க முடியவில்லை.

“ஞானப்பூ, ஐயா வாசிச்சது பாதிதான்” என்றேன் மெதுவாக. “அன்னைக்கு உன் வாசல்ல டுரியான் வாசனை வந்தப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. லில்லிக்கு வந்த மாப்பிள்ளை மேரிக்குப் போனதுல எனக்கு வயித்தெரிச்சல். அதை நான் ஐயாகிட்டயும் சொல்லலை. அட்டையில அந்தக் கேள்வி இல்ல.”

“தெரியும் அக்கா.”

“தெரியுமா?”

“கதவு இடுக்கு வழியா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். வாசப்படியில நின்னு சிரிச்சீங்க.” அவள் என் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அடுத்த பாட்டுக்குச் சரியான பக்கத்தைத் தேடித் திருப்பினாள். “அதனாலதான் ஒம்பதாவது கேள்விக்கு உண்டுன்னு சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க. யார் மேலன்னு கேக்கவே இல்ல.”